கடலடியில் ஏடிசிபி: மின்சாரம் கொடுப்பது முதல் தரவு எடுப்பது வரை

ஒரு கருவியைக் கடலின் அடியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் போய் எடுக்கப் போகிறோம். இடையில் அது விழித்திருக்கிறதா, தூங்கிவிட்டதா என்று எட்டிப் பார்க்க வழியே இல்லை. மேலே எடுத்துத் திறந்து பார்க்கும்போது தரவு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பருவம் போனது போனதுதான். அதனால் ஏடிசிபி வேலையில் கடினமான பகுதி கடலில் இல்லை. படகு ஏறுவதற்கு முந்தைய அரை நாளில், ஒரு மேசை மேல் நடக்கிறது. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த அரை நாளைப் பற்றியதுதான்.

ஏடிசிபி என்பது அக்கூஸ்டிக் டாப்ளர் கரண்ட் புரொஃபைலர் என்பதன் சுருக்கம். ஒலியைக் கொண்டு நீரோட்டத்தை அடுக்கடுக்காக அளக்கும் கருவி. நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்வதைத்தான் இது எண்ணாக மாற்றித் தருகிறது. பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது டெலிடைன் ஆர்டிஐயின் வொர்க்ஹார்ஸ் சென்டினல், 600 கிலோஹெர்ட்ஸ் வகை. இந்தியக் கடல் ஆய்வில் கைபழகிய கருவி அது. இடமாக, கடலூருக்கு வெளியே 25 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் இழுவலை ஓடாது. அடியில் கிடக்கும் கருவிக்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

கருவிக்குத் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பாகவே இங்கு தருகிறேன். ‘சிஆர்1’ என்றால் அந்த இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எண்ணையும் அடித்து எண்டர் தட்ட வேண்டும். ‘டி’ என்று வருவதெல்லாம் டைமின் டி, ‘பி’ என்று வருவது பிங்கின் பி, ‘ஈபி’யில் மட்டும் பேட்டரியின் பி.

முதலில், இது எதைக் கேட்கிறது

கடலடியில் மேல்நோக்கி நிற்கும் தலைப்பகுதியில் நான்கு வட்ட முகங்கள் இருக்கும். அவைதான் டிரான்ஸ்டியூசர்கள். ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்து, நான்கு திசையில் ஒலிக்கற்றையை அனுப்பும். நீரிலிருந்து எதிரொலி வருவதில்லை. நீரோடு சேர்ந்து நகரும் மிதவையுயிர்களும் துகள்களும்தான் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தூரம் தெரியும். அதிர்வெண் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகம் தெரியும். வேகத்தின் மூன்று கூறுகளைக் கண்டுபிடிக்க மூன்று கற்றை போதும். நான்காவது, மற்ற மூன்றும் சொல்வது சரியா என்று சோதிக்க. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மேசையில் வைக்கும்போது

டிரான்ஸ்டியூசர் முகங்கள் மேல் கருவியை நிறுத்தவே கூடாது. அவசரத்துக்கு வெறும் தரையில் கவிழ்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாக வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் தடித்த ஸ்பாஞ்ச் போடுங்கள். முகங்கள் யூரேத்தேன் பூச்சு கொண்டவை. நீண்ட நேரம் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். ஏப்ரல் மாத மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஈரச் சாக்கு போதும், போர்த்தி வையுங்கள்.

பேட்டரி மாற்றக் கருவியைத் திறந்திருந்தால், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உங்கள் முதல் கவலையாக இருக்கட்டும். கழற்றி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒரு முழுச் சுற்று பாருங்கள். கண்ணில் படாத கீறலை விரல் நுனி கண்டுபிடித்துவிடும். பள்ளத்தையும் அதேபோல் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசுங்கள். வழியவிட்டால் அதில் மணலும் முடியும் ஒட்டும். ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் கடல் உள்ளே வர அது போதும். சந்தேகம் இருந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் மாற்றுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

மின்சாரம்

சென்டினல் 20 முதல் 50 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். உள்ளே இருக்கும் ஆல்கலைன் பேட்டரிப் பொதி 42 வோல்ட். புதிய பொதியை மல்டிமீட்டரில் வைத்தால் 42க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் அதைக் கடலுக்கு அனுப்பாதீர்கள், மேசைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. உள் பேட்டரியும் வெளி மின்சாரமும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், எதன் வோல்ட் அதிகமோ அதிலிருந்துதான் கருவி மின்சாரம் எடுக்கும். 24 வோல்ட் பவர் சப்ளையைச் செருகிவிட்டு, பேட்டரி மிச்சமாகிறது என்று நினைத்து மணிக்கணக்கில் சோதனை செய்வார்கள். உண்மையில் அவ்வளவு நேரமும் 42 வோல்ட் பேட்டரிதான் கரைந்துகொண்டிருக்கும். மேசைச் சோதனைக்கு 48 வோல்ட் சப்ளை வையுங்கள். அது இல்லையென்றால், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு கடைசியாகப் புதிய பொதியை இணையுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் கேபிளைக் கருவியில் செருகுங்கள். கனெக்டர் ரப்பரில் சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்து, நேராக அழுத்த வேண்டும். ஆட்டி ஆட்டிச் செருகினால் பின் வளையும். அடுத்து லேப்டாப். கடைசியில்தான் பவர் சப்ளை சுவிட்ச். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். சப்ளையை இணைப்பதற்கு முன், நேர் முனை எது எதிர் முனை எது என்று மல்டிமீட்டரால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

எழுப்புவது

லேப்டாப்பில் பிபிடாக் மென்பொருளைத் திறந்து, சீரியல் போர்ட் எண்ணைத் தேர்ந்து, வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று வையுங்கள். பிறகு பிரேக் அனுப்ப வேண்டும். தூங்கும் கருவியைத் தட்டி எழுப்பும் சமிக்ஞை அது. பிபிடாக்கில் எண்ட் விசையை அழுத்தினால் போகும். திரையில் கருவியின் பெயரும் உள்மென்பொருளின் பதிப்பு எண்ணும் வந்து, கீழே அம்புக்குறி நின்றால் எழுந்துவிட்டது.

வரவில்லையா? கருவியைக் குறை சொல்வதற்கு முன் யூஎஸ்பி-சீரியல் மாற்றியைச் சந்தேகியுங்கள். பிரேக் குறைந்தது 300 மில்லிவிநாடி நீடிக்க வேண்டும், சில மலிவான மாற்றிகள் அதை அரைகுறையாக அனுப்பும். திரையில் புரியாத எழுத்துகள் கொட்டினால் வேகம் பொருந்தவில்லை. முன்பு யாரோ 115200க்கு மாற்றி வைத்திருக்கலாம், மாற்றி மாற்றி முயலுங்கள். இன்னொன்று: ஐந்து நிமிடம் எந்தக் கட்டளையும் கொடுக்காமல் விட்டால் கருவி தானே தூங்கிவிடும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதில் வராது. பயப்படாமல் மறுபடி பிரேக் அனுப்புங்கள்.

எழுந்தவுடன் செய்ய வேண்டியது, திரையில் ஓடுவதை எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்படி லாக் ஃபைலைத் திறப்பது. தேதியும் கருவியின் வரிசை எண்ணும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது அந்தக் கோப்புதான்.

சோதனைகள்

‘பிஎஸ்0’ கொடுத்தால் அதிர்வெண், கற்றைச் சாய்வு, பொருத்தியிருக்கும் உணரிகள் எல்லாம் வரும். 600 வகைக்கு 614400 ஹெர்ட்ஸ் என்று காட்டும்.

‘பிசி2’ உணரிகளை நேரலையாகக் காட்டும். இதில்தான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். கருவியைக் கையால் ஒரு பக்கம் சாயுங்கள், பிட்ச் எண் மாறுகிறதா? இன்னொரு பக்கம், ரோல் மாறுகிறதா? மெல்லத் திருப்புங்கள், திசை எண் தடங்கலின்றி ஓடுகிறதா, எங்காவது குதிக்கிறதா? வெப்பநிலை அறையோடு ஒத்துப்போகிறதா? வெப்பநிலை தவறானால் ஒலியின் வேகம் தவறாகும், அது தவறானால் நீரோட்டமும் தவறாகும். அழுத்த உணரி இருந்தால், கருவி நீருக்கு வெளியே இருக்கும்போதே ‘ஏஇசட்’ கொடுத்துச் சுழியாக்கிவிடுங்கள்.

‘பிசி1’ கற்றைகளைச் சோதிக்கும். முதல் முகத்தைத் தேய் என்று கேட்கும். உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேயுங்கள், தடவிக் கொடுத்தால் போதாது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒரு முகம் மட்டும் தேறவில்லையென்றால் கையைக் கொஞ்சம் ஈரமாக்கி மறுபடி தேயுங்கள். அப்போதும் தேறாவிட்டால் அந்தக் கற்றை கேட்கவில்லை என்று அர்த்தம்.

‘பிஏ’ முழு மின்னணுச் சோதனை. இதைக் காற்றில் வைத்துச் செய்தால் சில வரிகள் தோல்வி என்று வரும். அதைப் பார்த்துப் பதறிக் கருவியைப் பழுதுபார்க்க அனுப்புபவர்கள் உண்டு. பெரிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, தலையை அதில் அமிழ்த்தி, முகங்களில் ஒட்டிய காற்றுக் குமிழ்களைக் கையால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். தண்ணீரிலும் தோற்றால்தான் கவலை.

கடிகாரம்

‘டிஎஸ்’ கட்டளையால் நேரம் வைக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வையுங்கள். இந்திய நேரம் வேண்டாம்.

ஒருமுறை ஒரு முகத்துவாரத்தில் எடுத்த தரவை என்னிடம் கொடுத்தார்கள். ஏற்றம் வர வேண்டிய நேரத்தில் வற்றம் ஓடியது, வற்ற நேரத்தில் ஏற்றம். கருவியைத் தலைகீழாக வைத்துவிட்டார்களோ என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்திருக்கிறது, நான் யூடிசி என்று எடுத்துக்கொண்டேன். இடைவெளி ஐந்தரை மணி. நம் கடலில் முதன்மையான ஓதத்தின் சுற்று 12 மணி 25 நிமிடம், அதில் பாதி ஆறு மணி சொச்சம். ஐந்தரை மணி நகர்ந்தால் ஓதம் கிட்டத்தட்ட எதிர்த்திசைக்குப் போய்விடுகிறது. எந்த நேரம் வைத்தோம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும். யூடிசியில் வையுங்கள், வைத்ததைக் காகிதத்திலும் எழுதுங்கள்.

காம்பஸ்

பேட்டரி மாற்றினால் காம்பஸைக் கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். ஆல்கலைன் செல்களின் உறை எஃகு, ஒவ்வொரு பொதியும் தன் காந்தத் தடத்தைக் கொண்டுவரும். கடலடியில் கருவியைத் தாங்கி நிற்கப்போகும் சட்டத்தோடு சேர்த்துச் சரிசெய்வது இன்னும் நல்லது.

கட்டடத்துக்குள் வேண்டாம், கம்பி போட்ட கான்கிரீட் தளமும் வேண்டாம், இரும்புக் கப்பலின் மேல்தளம் நிச்சயமாக வேண்டாம். திறந்த மணல்வெளி, ஒரு மரப்பலகை, அது போதும். போன், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். வாகனம் நன்றாகத் தள்ளி நிற்கட்டும். ‘ஏஎஃப்’ கொடுத்து, திரை சொல்வதுபோல் கருவியை ஒரு சாய்வில் மெல்ல ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். பிறகு வேறொரு சாய்வில் இன்னொரு சுற்று. அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் ‘ஏஎக்ஸ்’ கொடுத்து மிச்சப் பிழையைப் பாருங்கள். 2 பாகைக்குள் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். 5 பாகையைத் தாண்டினால் அருகில் எங்கோ இரும்பு இருக்கிறது.

நம் ஊருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. புவிக்காந்தப் புலம் இங்கே ஏறக்குறையக் கிடையாகவே இருப்பதால் காம்பஸுக்குக் கிடைக்கும் இழுப்பு வலுவானது. துருவப் பகுதியில் இதே கருவி படும் பாடு இங்கே இல்லை. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் தமிழ்நாட்டுக் கரையில் ஓரிரு பாகைதான். அதை ‘ஈபி’யில் கொடுக்கலாம். நான் சுழியாகவே விட்டுவிட்டுக் கணக்கிடும்போது திருத்துகிறேன். எதைச் செய்தாலும் எழுதி வையுங்கள், இரண்டு இடத்திலும் திருத்தினால் பிழை இரட்டிப்பாகும்.

எண்களைத் தீர்மானிப்பது

‘சிஆர்1’ கொடுத்துப் பழைய அமைப்புகளை எல்லாம் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முந்தைய பயணத்தின் மிச்சம் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது.

அடுக்கின் உயரம் ‘டபிள்யூஎஸ்’. 25 மீட்டருக்கு 1 மீட்டர் அடுக்கு சரி, சென்டிமீட்டரில் 100 என்று கொடுக்க வேண்டும். அடுக்குகளின் எண்ணிக்கை ‘டபிள்யூஎன்’. கணக்குப்படி 23 போதும், ஆனால் 28 வைப்பேன். நீர்மட்டத்துக்கு மேலே போகும் அடுக்குகள் வீணில்லை. நீர்ப்பரப்பில் பட்டு வரும் வலுவான எதிரொலி அவற்றில் தெரியும், ஆழத்தைச் சரிபார்க்க உதவும். ஒலி அனுப்பிய உடனே கேட்க முடியாத தூரம் ‘டபிள்யூஎஃப்’, 600 வகைக்கு 88 சென்டிமீட்டர்.

இவ்வளவு செய்தும் முழு 25 மீட்டரும் கிடைக்காது. முதல் அடுக்கின் நடு, தலையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் தள்ளித்தான் வரும். மேலே, 20 பாகைச் சாய்வின் காரணமாக, தூரத்தில் கடைசி 6 விழுக்காடு பரப்பு எதிரொலியால் கெட்டுப்போகும். இங்கே அது ஒன்றரை மீட்டர், அதோடு ஓர் அடுக்கையும் விட்டுவிடுவது நல்லது. ஆக, மேலிருக்கும் இரண்டரை மீட்டர் நமக்கு இல்லை. அறிக்கையில் மேற்பரப்பு நீரோட்டம் என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எத்தனை பிங், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை. பிங் என்பது கருவி ஒருமுறை அனுப்பும் ஒலித்துடிப்பு. ஒற்றை பிங்கின் அளவு நம்பக்கூடியது அல்ல. 1 மீட்டர் அடுக்கில் அதன் பிழை விநாடிக்கு 7 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பிங்குகளைச் சராசரி எடுத்தால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறையும். 49 பிங்குக்கு 1 சென்டிமீட்டர், 120க்கு 0.64. 15 நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு, அதில் விநாடிக்கு ஒன்றாக 120 பிங் என்று வைக்கிறேன்: ‘டிஇ’ 15 நிமிடம், ‘டபிள்யூபி’ 120, ‘டிபி’ 1 விநாடி. பிங்குகளை 15 நிமிடத்துக்கும் பரப்பினால் என்ன என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் ஏழரை விநாடிக்கு ஒரு பிங். வங்காள விரிகுடாவுக்குத் தெற்கிலிருந்து 15 விநாடி சுற்றுள்ள உருளலை வரும் நாளில், ஒவ்வொரு பிங்கும் அலையின் அதே இரண்டு இடத்திலேயே போய் விழும், சராசரி ஏமாற்றும். இரண்டு நிமிடம் விடாமல் கேட்டால் பல அலைகள் முழுதாக உள்ளே வந்துவிடும்.

61 நாளில் இது 5,856 தொகுப்பு, ஏழு லட்சத்துக்கும் மேல் பிங். ஒரு பேட்டரிப் பொதியில் இருப்பது சுமார் 450 வாட்-மணி. தாங்குமா என்று பிளான்ஏடிசிபி மென்பொருளில் எண்களைக் கொடுத்துப் பாருங்கள். நாட்களைக் கேட்கும்போது 61 கொடுக்காமல் 90 கொடுங்கள். புயல் சின்னம் உருவானால் படகு குறித்த நாளில் போகாது.

தொடங்குவது

பழைய தரவு இரண்டு இடத்தில் நகல் இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் நினைவக அட்டையை அழியுங்கள். ‘ஆர்இ’ கட்டளையோடு இரேஸ் என்ற சொல்லை எழுத்துகள் பெரியதும் சிறியதுமாக மாறி மாறி வரும்படி அடித்தால்தான் கருவி ஒப்புக்கொள்ளும். கைதவறி அழிந்துவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

எல்லாக் கட்டளையும் ஏறியதும் ‘சிகே’ கொடுத்துச் சேமியுங்கள், ‘சிஎஸ்’ கொடுத்துத் தொடங்குங்கள். அதன் பிறகு எண்ட் விசையைத் தொடாதீர்கள். மறுபடி ஒரு பிரேக் போனால் அளவு நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தி, கேபிளைக் கழற்றி, அந்தக் கனெக்டரை மூடும் டம்மி பிளக்கை இறுக்குங்கள். டம்மி பிளக் போட மறந்த கருவி நீரில் இறங்கினால் பின்கள் அரித்துப்போகும்.

‘டிஎஃப்’ கொடுத்துக் குறித்த நேரத்தில் தொடங்கச் செய்வதாக இருந்தால், அந்த நேரம் கருவி நீரில் இறங்குவதற்கு ஒரு மணி முன்பாக இருக்கட்டும். காரணம், கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்த இரண்டு நிமிடத்தில் காதைத் தலைப்பகுதியின் அருகில் கொண்டுபோனால் டிக், டிக் என்று விநாடிக்கு ஒன்றாகக் கேட்கும். படகு இன்ஜின் சத்தத்தில் கேட்காவிட்டால் ஒரு சிறிய மீடியம் வேவ் ரேடியோ எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கருவியின் 614 கிலோஹெர்ட்ஸ் அந்த அலைவரிசைக்குள்ளேயே வருகிறது. முள்ளை அங்கே வைத்து அருகில் பிடித்தால் ரேடியோவில் தட்டல் கேட்கும். அதைக் கேட்காமல் ஒரு கருவியையும் நான் நீரில் விட்டதில்லை.

முகங்களில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க, குழந்தைகளுக்குப் போடும் துத்தநாக ஆக்சைடு கிரீமை மெல்லியதாக, குமிழ் இல்லாமல் பூசலாம். சட்டத்தைக் கயிற்றில் மெதுவாக இறக்குங்கள், கடைசி இரண்டு மீட்டரில் இன்னும் மெதுவாக. சாய்வு 15 பாகைக்குமேல் போனால் சாய்வு உணரியை நம்ப முடியாது. தரை தொட்ட நேரம், ஜிபிஎஸ் இடம், ஆழம் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். இறக்குவதற்கு முன்பே பக்கத்துக் குப்பங்களில் போய், எங்கே என்ன வைக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். தடைக்காலத்திலும் சிறு படகுகள் வலை விடும். சொல்லாமல் வைத்த சட்டத்தில் ஒருவரின் வலை கிழிந்தால் அது அவருடைய பிழைப்பு.

எடுத்த பிறகு

மேலே வந்ததும் முதலில் நேரத்தைக் குறியுங்கள், பிறகு நன்னீரால் கழுவுங்கள். உடனே திறக்க வேண்டாம். உள்ளே நீர் புகுந்திருந்தால் பேட்டரியிலிருந்து வாயு வெளியாகி அழுத்தம் ஏறியிருக்கலாம். முகத்தைத் தள்ளி வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

கேபிளைச் செருகிப் பிரேக் அனுப்பியதும், எதையும் மாற்றுவதற்கு முன் கருவியின் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். பிறகு தரவை இறக்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் திறந்து கடைசித் தொகுப்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் சாய்வையும் திசையையும் வரைந்து பாருங்கள். இரண்டு மாதமும் கோடு நேராக இருந்தால் சட்டம் நகரவில்லை. ஒரு நாளில் படி போலக் குதித்தால் அன்று ஏதோ இழுத்திருக்கிறது. பிறகு நான்கு கற்றைகளின் எதிரொலி வலிமை ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மெல்ல மங்கினால் அந்த முகத்தில் ஏதோ வளர்ந்திருக்கிறது. முன்பு சொன்ன நான்காவது கற்றையின் சாட்சி பிழைவேகம் என்ற பெயரில் வரும். அது சுழியைச் சுற்றியே இருக்க வேண்டும். ஓர் அடுக்கில் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அங்கே மீன்கூட்டமோ கயிறோ ஒரு கற்றையின் குறுக்கே நின்றிருக்கலாம்.

இவை தேறிய பிறகுதான் நீரோட்டம். கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம் 2009 முதல் கடலூர், காக்கிநாடா, விசாகப்பட்டினம், கோபால்பூருக்கு வெளியே கண்டச்சரிவில் ஏடிசிபிகளை நங்கூரமிட்டு அளந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். உங்கள் ஏப்ரல், மே வரைபடம் பெரும்பாலும் வடக்கு நோக்கி இருந்தால் நல்ல அறிகுறி. 25 மீட்டரில் காற்றின் கை ஓங்கியிருக்கும் என்பதால் நாளுக்கு நாள் மாறுவது இயல்புதான். முழுக்கத் தெற்கே காட்டினால், கடலைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுத உட்காராமல், முதலில் காம்பஸ் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். அப்புறம் அந்தக் குப்பத்துக்கு வரைபடத்தோடு ஒருமுறை போய், நீவாடு தலைகீழாகத் திரும்பியதாக உங்கள் கருவி காட்டும் நாட்களை மட்டும் கேளுங்கள். கடலுக்குப் போனவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.